சரியாக மடிந்த புரதம்: டெல்லி ஐ.சி.ஜி.இ.பி.யின் மலேரியா ஆய்வு வரலாறு

ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரிலிருந்து வெளி வட்டச் சாலையைத் தாண்டி ஜே.என்.யூ. பக்கம் போனால் அருணா ஆசஃப் அலி மார்க் வரும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிக்கப் போன வழி அது. தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அதன் அண்டை வீடு போல இன்னொரு வளாகமும் உண்டு. பன்னாட்டு மரபணுப் பொறியியல் மற்றும் உயிர்த்தொழில்நுட்ப மையம் என்பது அதன் முழுப் பெயர். ஆய்வு வட்டாரத்தில் எல்லாரும் ஐ.சி.ஜி.இ.பி. என்றுதான் சொல்வார்கள். தலைநகரின் அறிவியல் நிறுவனங்களில் ஒன்றைப் பற்றி இந்த மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று கேட்டபோது, எய்ம்ஸையும் பூசாவையும் விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். எய்ம்ஸைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் மலேரியாக் கிருமியின் இரண்டு மூன்று புரதங்களைக் கட்டிக்கொண்டு அழுத ஒரு கூடத்தைப் பற்றித் தமிழில் யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை.

முதலில் அந்த நிறுவனத்தின் சாதி என்ன என்று சொல்லிவிட வேண்டும். அது மத்திய அரசின் துறையும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை, கம்பெனியும் இல்லை. மரபணுத் தொழில்நுட்பம் பணக்கார நாடுகளின் கைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடாது என்ற கவலையில் ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி அமைப்பு போட்ட திட்டம் அது. 1983 செப்டம்பரில் மாட்ரிட்டில் பல நாடுகள் கூடிச் சட்டதிட்டத்தில் கையெழுத்திட்டன. தலைமையகம் எங்கே என்பதில் இழுபறி. கடைசியில் இத்தாலியின் திரியெஸ்தே, இந்தியாவின் புதுடெல்லி என்று இரண்டு இடங்களுக்கும் பங்கு கிடைத்தது. 1994இல் அது ஐ.நா.வின் மடியிலிருந்து இறங்கித் தனி நிறுவனமானது. 2007இல் கேப்டவுனில் மூன்றாவது கிளை வந்தது. டெல்லிக் கிளை 1980களின் கடைசியில் வேலையைத் தொடங்கியபோது எந்த நோயைத் தொடுவது என்று யாரும் நெடுநேரம் யோசித்திருக்க மாட்டார்கள்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடி மலேரியா நோயாளிகள், எட்டு லட்சம் சாவு என்பது மதிப்பீடு. 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958இல் ஒழிப்புத் திட்டம், ஊர் ஊராக டி.டி.டி. தெளிப்பு என்று ஓடியதில் 1960களின் நடுவில் எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. ஒழிந்தது என்றே பலர் நினைத்தார்கள். 1976இல் 64 லட்சம் பேருக்குக் காய்ச்சல். கொசு மருந்துக்குப் பழகிவிட்டது, கிருமியும் மாத்திரைக்குப் பழகத் தொடங்கியது. அந்த அடியின் வலி ஆறுவதற்குள் அமைந்த நிறுவனம் இது. மழைக்காலத்தில் கூலரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று மாநகராட்சி ஆள் வந்து எட்டிப் பார்த்து சலான் நீட்டும் ஊரில் இருக்கும் நமக்கு, தெளிப்பால் மட்டும் தீராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மலேரியாக் குழுவின் முதல் முகம் வீரேந்தர் சிங் சௌஹான். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய் வந்தவர். அடிப்படையில் வேதியியல்காரர். பெப்டைடு எனும் சிறு புரதத் துண்டுகளைக் கையால் கட்டுவது அவர் தொழில். குறிப்பிட்ட சில அமினோ அமிலங்களைச் செருகினால் அந்தத் துண்டு எந்த வடிவத்தில் வளைந்து நிற்கும் என்பதில் அவருக்குத் தனி ஈடுபாடு. மருத்துவரும் இல்லை, கொசு ஆய்வாளரும் இல்லை. வடிவத்தைப் பற்றி யோசிக்கும் ஒருவர் மலேரியாவுக்கு வந்தார் என்பது இந்தக் கூடத்தின் பிற்காலக் குணத்துக்கு ஒரு முன்னறிவிப்பு என்று எனக்குப் படுகிறது. பிறகு பல ஆண்டுகள் டெல்லிக் கிளையின் இயக்குநராகவும் அவரே இருந்தார். 2012இல் பத்மஸ்ரீ.

அவர் தொடங்கிய நாளில் உலகம் இருந்த நிலை இது. கொசுவின் எச்சிலோடு வரும் கிருமியை ஸ்போரோசோயிட் என்பார்கள். நியூயார்க்கில் ரூத் நுசென்ஸ்வைக் 1967இலேயே, கதிர்வீச்சால் முடமாக்கிய ஸ்போரோசோயிட்டைச் செலுத்தினால் எலிக்குக் காப்பு கிடைக்கிறது என்று காட்டிவிட்டார். அதன் மேலுறையை மூடியிருக்கும் புரதத்தின் மரபணு 1984இல் கைக்கு வந்தது. அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் நிறுவனமும் பெல்ஜியத்திலிருந்த மருந்துக் கம்பெனியும் அதைப் பிடித்துக்கொண்டு போன பாதைதான் இன்றைய ஆர்.டி.எஸ்.,எஸ். தடுப்பூசியில் முடிந்தது. ஸ்போரோசோயிட் அரை மணி நேரம் போலத்தான் ரத்தத்தில் இருக்கும், ஈரலுக்குள் ஓடிவிடும். அதை ஒன்று விடாமல் பிடித்தால் நோயே வராது. ஒன்று தப்பினாலும் அத்தனையும் வீண்.

டெல்லிக்காரர்கள் அடுத்த கட்டத்தில் போய் நின்றார்கள். ஈரலிலிருந்து வெளியே வந்து ரத்தச் சிவப்பணுவுக்குள் புகும் கிருமி மெரோசோயிட். ஓர் அணுவுக்குள் புகுந்தது ஒன்றுதான். இரண்டு நாளில் அணு வெடிக்கும்போது ஒன்றுக்குப் பதில் பதினாறு, இருபது, முப்பது என்று வெளியே கொட்டும். குளிரும் நடுக்கமும் அந்த வெடிப்பின் வேளையில்தான். வெளியே வந்த மெரோசோயிட் அடுத்த அணுவைப் பிடித்து உள்ளே போக ஓரிரு நிமிடம் போதும். அந்த இடைவெளியில் மட்டும் அது எதிர்ப்பொருளின் கண்ணில் படும். மலேரியா ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்குக் காய்ச்சல் அவ்வளவாக வராததற்குக் காரணம் இந்தக் கட்டத்துக்கு எதிராகத் தேறிய காப்புதான் என்பது பழைய அனுபவ அறிவு. இயற்கை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செய்வதை ஊசி மூன்று தவணையில் செய்யுமா? கேள்வி அதுதான்.

மெரோசோயிட்டின் மேற்பரப்பில் அதிகமாக இருக்கும் புரதம் எம்.எஸ்.பி-1. இங்கிலாந்தில் ஆன்டனி ஹோல்டரும் ஃப்ரீமனும் 1981இல் எலி மலேரியாவில் இதன் இனப் புரதத்தைப் பிரித்தெடுத்து எலிகளுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றிக் காட்டினார்கள். உடம்பு பெரியது. அணுவுக்குள் நுழையும்போது கிருமி இதை வெட்டி வெட்டி உதறிவிடும். கடைசியில் வாலில் இருக்கும் 19 கிலோடால்டன் துண்டு மட்டும் மேலே ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். எல்லாவற்றையும் உதறிய கிருமி அந்தத் துண்டை மட்டும் விடவில்லை என்றால், அது அதற்கு வேண்டியதாகத்தானே இருக்கும்? உலகம் முழுக்கப் பல கூடங்கள் அந்த 19-ஐக் குறிவைத்தது அப்படித்தான். டெல்லியும் வைத்தது.

ஆனால் டெல்லியின் பெயர் வெளியே தெரிந்தது இன்னொரு புரதத்தால். அதற்கு ஒரு ரத்த வகையின் கதை தெரிய வேண்டும்.

டஃபி என்று ஒரு ரத்த வகை. 1950இல் ரத்தம் உறையாத நோய் கொண்ட ஒருவரின் ரத்தத்தில் கண்டார்கள். அவர் பெயரே அதற்கு வந்தது. மேற்கு ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும்பாலோரின் சிவப்பணுவில் இந்த டஃபி அடையாளம் இல்லை. அவர்களுக்கு வைவாக்ஸ் மலேரியாவும் வருவதில்லை. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் லூயிஸ் மில்லர். 1975இல் குரங்கு மலேரியாக் கிருமியான நோலெசியை டஃபி இல்லாத மனித அணுக்களோடு விட்டுப் பார்த்தார். கிருமி வந்து தொட்டது, ஒட்டியது, உள்ளே போக முடியவில்லை. அடுத்த ஆண்டு வைவாக்ஸுக்கும் அப்படித்தான் என்று மனிதர்களில் கிடைத்த சான்றை வெளியிட்டார். ஒரு கிருமியின் வாசல் எது என்பது இத்தனை துலக்கமாகத் தெரிந்த வேறு ஒட்டுண்ணி நோய் எனக்குத் தெரிந்து இல்லை. (மடகாஸ்கரில் டஃபி இல்லாத சிலருக்கும் வைவாக்ஸ் வருகிறது என்று 2010இல் தெரியவந்தது தனிக் கதை. வாசல் ஒன்றுதான் என்று அன்று நினைத்தார்கள்.)

டஃபியைப் பற்றிக்கொள்ளும் கிருமிப் புரதத்தை டஃபி பிணைப்புப் புரதம் என்பார்கள். நீளமான அந்தப் புரதத்தில் எந்தப் பகுதி போய்ப் பிடிக்கிறது? மில்லரின் கூடத்தில் அதைக் கண்டவர் சேத்தன் சிட்னிஸ். இயற்பியல் படித்து, உயிர் இயற்பியலுக்குத் தாவி, அங்கிருந்து மலேரியாவுக்கு வந்தவர். 1994இல் அவர்கள் செய்த சோதனை கண்ணால் பார்க்கக்கூடியது. புரதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய மரபணுவைக் குரங்குச் சிறுநீரக செல்லுக்குள் புகுத்தி, அந்தப் பகுதி செல்லின் மேற்பரப்பில் வந்து நிற்கும்படி செய்தார்கள். அதன் மேல் மனிதச் சிவப்பணுக்களை ஊற்றி, சற்று நேரம் விட்டு, கழுவினார்கள். மற்றப் பகுதிகளை ஏந்திய செல்கள் மொட்டையாக நின்றன. இரண்டாம் பகுதியை ஏந்திய செல்லைச் சுற்றி மட்டும் சிவப்பணுக்கள் இதழ் இதழாக ஒட்டிப் பூப்போல நின்றன. டஃபி இல்லாதவர் ரத்தத்தை ஊற்றினால் பூ இல்லை. டஃபியைக் கத்தரிக்கும் கைமோட்ரிப்சின் நொதியில் ஊறவைத்த அணுக்களை ஊற்றினாலும் பூ இல்லை. நுண்ணோக்கிக் கண்ணாடி வழியே பூக்களை எண்ணினால் போதும், விடை கிடைத்தது.

அதே ஆண்டில், ஃபால்சிபாரம் கிருமியின் இ.பி.ஏ-175 என்ற புரதத்திலும் இதே சாயலுள்ள பகுதிதான் சிவப்பணுவைப் பிடிக்கிறது என்று இன்னொரு கட்டுரை வந்தது. அதிலும் சிட்னிஸின் பெயர் உண்டு. ஆளைக் கொல்லும் ஃபால்சிபாரம், திரும்பத் திரும்ப வரும் வைவாக்ஸ் இரண்டுக்குமே ஒரே குடும்பத்துக் கொக்கி. அந்த அறிவைக் கையோடு எடுத்துக்கொண்டு 1995இல் அவர் டெல்லிக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் இருந்திருந்தால் வசதி அதிகம். ஆனால் வைவாக்ஸ் அங்கே இல்லை.

இனி இந்தக் கூடத்தின் உண்மையான உழைப்புக்கு வருகிறேன். எதைக் குறிவைப்பது என்பது கட்டுரையில் வந்துவிட்டது. ஊசியில் ஏற்ற வேண்டுமானால் அந்தப் பகுதியைக் கிராம் கணக்கில் செய்தாக வேண்டும். வைவாக்ஸ் கிருமியை வளர்த்துப் புரதம் எடுக்கலாம் என்றால், அதை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்கவே முடியாது. ஃபால்சிபாரத்தை 1976 முதல் வளர்க்கிறார்கள், வைவாக்ஸ் இளம் சிவப்பணுவைத் தவிர வேறு எதையும் தொடாத வீம்புக்காரக் கிருமி. எனவே ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் மரபணுவை வைத்துப் புரதத்தைச் செய்யச் சொல்ல வேண்டும். மலிவான வழியும் அதுதான். ஏழை நாட்டுக் குழந்தைக்குப் போட வேண்டிய ஊசிக்கு மலிவு முக்கியம்.

பாக்டீரியா செய்யும். எக்கச்சக்கமாகவே செய்யும். ஆனால் வடிவம் வராது. டஃபி பிணைப்புப் பகுதி முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதில் பன்னிரண்டு சிஸ்டீன்கள். அவை இரண்டிரண்டாகக் கைகோத்தால்தான் சங்கிலி சரியான உருவில் மடியும். எது எதோடு கோக்க வேண்டும் என்பதில் ஒன்று மாறினாலும் வேறு உருவம். பாக்டீரியாவின் உள்ளே அந்தக் கோப்பு நடக்கச் சூழல் இல்லாததால், செய்த புரதமெல்லாம் கரையாத கட்டியாக ஒடுங்கிவிடும். அந்தக் கட்டியைத்தான் கூடத்தில் இன்குளூஷன் பாடி என்பார்கள். அதிலிருந்து உயிருள்ள புரதத்தை எடுப்பது திரிந்த பாலை மறுபடி பாலாக்குகிற வேலை.

அதற்கு முறை உண்டு, ஆனால் ஒவ்வொரு புரதத்துக்கும் முறை வேறு. செறிந்த குவானிடின் கரைசலில் கட்டியைக் கரைத்துச் சங்கிலியை முழுக்க அவிழ்க்க வேண்டும். பிறகு அதைப் பெரிய பாத்திரத்துக் கரைசலில் சிறிது சிறிதாக விட்டு நீர்க்கச் செய்ய வேண்டும். சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆர்ஜினின். தப்பாகக் கோத்த கைகள் விட்டு, மறுபடி கோத்து, சரியான இணையைக் கண்டுகொள்ள ஆக்சிஜனேறியது, ஒடுங்கியது என்று இரண்டு வகை குளுட்டாதயோன். குளிரறையில் மணிக்கணக்கில் கிடக்கும். கார அமில அளவு சற்றுப் பிசகினாலும், அவசரப்பட்டுச் சேர்த்தாலும் வெள்ளையாகக் கலங்கிவிடும். கலங்கினால் கொட்ட வேண்டியதுதான். தெளிந்தாலும் முடிந்தது என்று அர்த்தமில்லை. தெளிந்த கரைசலில் சரியாக மடிந்ததும் இருக்கும், பாதி மடிந்ததும் இருக்கும். இரண்டுக்கும் எடை ஒன்று, ஜெல்லில் ஓட்டினால் ஒரே கோடாகத்தான் தெரியும். அயனிமாற்றுத் தூண், அளவுவாரித் தூண் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ச்சிப் பிரிக்க வேண்டும்.

சரியாக மடிந்தது என்பதற்கு அத்தாட்சி யார் தருவது? மறுபடியும் ரத்தம்தான். வடித்தெடுத்த புரதத்தை டஃபி உள்ள அணுக்களோடு கலந்தால் ஒட்ட வேண்டும். டஃபி இல்லாத அணுவில் ஒட்டக்கூடாது. கைமோட்ரிப்சினில் ஊறிய அணுவிலும் ஒட்டக்கூடாது. மூன்றும் சரியாக வந்தால்தான் அந்த பேட்ச் பேட்ச். டஃபி பிணைப்புப் பகுதியை பாக்டீரியாவில் செய்து, மடித்து, வேலை செய்கிற நிலையில் தந்ததாக இந்தக் கூடத்தின் கட்டுரை 2001இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு இ.பி.ஏ-175இல் சிவப்பணுவைப் பிடிக்கும் எஃப்-2 பகுதிக்கும் அதே சித்து பலித்தது. அதைக் கொண்டு உண்டாக்கிய எதிர்ப்பொருள் கிருமி அணுவுக்குள் போவதைத் தடுத்தது. இந்த இரண்டு கட்டுரைகளுக்கும் பின்னால் எத்தனை பி.எச்டி. மாணவர்களின் கலங்கிய கரைசல் சாக்கடைக்குப் போயிருக்கும் என்று எந்தக் கட்டுரையும் சொல்லாது. என்னைக் கேட்டால், ஐ.சி.ஜி.இ.பி.யின் மலேரியா வரலாற்றில் விழா எடுக்க வேண்டிய நிகழ்ச்சி இந்த மடிப்புதான். பின்னால் வந்த பரிசுகளெல்லாம் அதன் வட்டி. சிட்னிஸுக்கு 2004இல் பட்நாகர் விருது, 2010இல் இன்ஃபோசிஸ் பரிசு.

2006இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையைப் பெரிய வெற்றி என்பார்கள். அமித் சர்மாவின் படிகவியல் குழுவும் சிட்னிஸ் குழுவும் சேர்ந்து, நோலெசிக் கிருமியின் டஃபி பிடிக்கும் பகுதியைப் படிகமாக்கி, அதன் முப்பரிமாண உருவத்தைக் கண்டார்கள். கிருமியின் கொக்கி எந்த முகத்தால் பிடிக்கிறது, எந்த முகத்தை எதிர்ப்பொருளுக்குக் காட்டி ஏய்க்கிறது என்பதை முதன்முதலாக உருவமாகப் பார்த்து வாதாட முடிந்தது. படிகம் வளர வேண்டுமானால் எல்லா மூலக்கூறும் ஒரே உருவில் இருக்க வேண்டும். அங்கேயும் மடிப்புக் கலை கைகொடுத்தது. இதற்கு இரண்டாண்டுக்குப் பின் பாப்புவா நியூ கினியாவிலிருந்து ஒரு சேதி. அங்கே சில குழந்தைகளின் ரத்தத்தில், டஃபி பிணைப்பையே தடுக்கும் எதிர்ப்பொருள் இயற்கையாகவே மிகுதியாக இருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு வைவாக்ஸ் மறுபடி தொற்றுவது தள்ளிப்போனது. அந்த ஆய்விலும் டெல்லிக் கூடத்தின் கை உண்டு. இந்தக் கொக்கியைக் குறிவைத்தது சரிதான் என்று தைரியம் சொன்னது அந்தக் குழந்தைகளின் ரத்தம்.

கூடத்தில் மில்லிகிராம் செய்வது ஒன்று, மனிதனுக்குப் போடும் தரத்தில் குப்பியில் அடைப்பது வேறொன்று. அந்த இடத்தில்தான் நம் நாட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். கட்டுரை வந்தது, பதவி உயர்வு வந்தது, கதை முடிந்தது. சௌஹான் விடவில்லை. மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை, வெளிநாட்டு மலேரியாத் தடுப்பூசி நிதி அமைப்புகள் என்று பல கதவுகளைத் தட்டி, ஹைதராபாத் பாரத் பயோடெக்கைக் கூட்டுச் சேர்த்தார்கள். எம்.எஸ்.பி-1இன் 19 துண்டையும் இ.பி.ஏ-175இன் எஃப்-2 துண்டையும் சேர்த்த கலவை, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் எண்ணெய் அடிப்படையிலான மான்டனைடு ஊக்கியோடு, ஜெய்வாக்-1 என்ற பெயரில் தயாரானது. ஃபால்சிபாரத்துக்கு எதிராக இந்தியாவிலேயே உருவாக்கி இந்தியாவிலேயே மனிதருக்குப் போட்டுப் பார்த்த மறுசேர்க்கைத் தடுப்பூசி. பெங்களூரில், மலேரியா கண்டிராத 45 ஆரோக்கியமான ஆண்களிடம் முதல் கட்டச் சோதனை நடந்தது. 10, 25, 50 மைக்ரோகிராம் என மூன்று அளவு.

முடிவு 2015இல் வெளியானது. பாதுகாப்பில் குறை இல்லை. எஃப்-2க்கு எதிர்ப்பொருள் நன்றாக வந்தது. எம்.எஸ்.பி-1இன் 19 துண்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வரவில்லை.

விழா மலரில் தோல்வியை எழுதலாமா என்று கேட்கக்கூடும். எழுதாமல் எப்படி? உலகம் முழுக்க அந்தப் பத்தாண்டுகளில் நடந்தது இதுதான். பாப்புவா நியூ கினியாவில் மூன்று புரதக் கலவை ஒன்றைப் போட்டார்கள். கிருமி எண்ணிக்கை 62 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒரே புரதம் கிருமிக்குக் கிருமி சற்று மாறிய வார்ப்புகளில் வரும்; தடுப்பூசியில் எந்த வார்ப்புப் புரதம் இருந்ததோ அந்த வார்ப்பு ஒதுங்கி, அதன் பங்காளி வார்ப்பு வந்து உட்கார்ந்தது. கென்யாவில் எம்.எஸ்.பி-1இன் 42 துண்டு 400 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டுப் பலனில்லாமல் போனது. மாலி நாட்டில் ஏ.எம்.ஏ-1 என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம், 400 குழந்தைகள், 17.4 சதவீதக் காப்பு. ஆனால் தடுப்பூசியின் அச்சை அப்படியே ஒத்த கிருமிக்கு எதிராக மட்டும் பார்த்தால் 64 சதவீதம். கோடிக்கணக்கான டாலர் உள்ளவர்களும் அதே சேற்றில்தான் கால் வைத்தார்கள். அணுவின் வாசலில் ஓரிரு நிமிடம் மட்டும் முகம் காட்டும், அந்த முகத்தையும் ஊருக்கொன்றாக மாற்றி வைத்திருக்கும் ஒன்றை எதிர்ப்பொருளால் பிடிக்க, எதிர்ப்பொருள் மலைபோல வேண்டியிருக்கிறது. ஜெய்வாக்-1 முடிவை மழுப்பாமல் இதழில் போட்டுவிட்டு, 19 துண்டை எம்.எஸ்.பி-3 என்ற இன்னொரு மெரோசோயிட் புரதத்தின் துண்டோடு ஒட்டி ஒரே புரதமாக்கி, ஜெய்வாக்-2 என்று அடுத்ததைத் தொடங்கினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

வைவாக்ஸ் பக்கம் வேறு மாதிரி திரும்பியது. மடித்தெடுத்த டஃபி பிணைப்புப் பகுதியை ஜி.எல்.ஏ.-எஸ்.இ. என்ற ஊக்கியோடு கலந்து இந்தியாவில் முதல் கட்டச் சோதனை செய்தார்கள். 2018இல் வந்த முடிவில், எதிர்ப்பொருள்கள் டஃபி பிணைப்பைத் தடுத்தன. ஒரு வார்ப்பைக் கொண்டு போட்ட ஊசி வேறு வார்ப்புகளையும் தடுத்தது. மேலே சொன்ன மாலிக் கதையை நினைத்தால் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் கிண்ணத்தில் தடுப்பது வேறு, உடம்பில் தடுப்பது வேறு. அதைப் பார்க்கத் தன்னார்வலர் உடம்பில் வைவாக்ஸை வேண்டுமென்றே ஏற்ற வேண்டும். அந்த வசதி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தது. தாய்லாந்து நோயாளி ஒருவரிடமிருந்து கொசு வழியாக எடுத்து, உறையவைத்துச் சேமித்த ஒரே வார்ப்புக் கிருமியை அங்கே வைத்திருந்தார்கள். சிட்னிஸ் அதற்குள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துக்கு மாறிவிட்டார்; புரதம் இந்தியாவில் தயாரான அதே புரதம். ஊக்கி மட்டும் மாறி, மேட்ரிக்ஸ்-எம்.

இங்கே கொரோனா குறுக்கிட்டது. சோதனை நடுவில் நின்றது. முதல் இரண்டு ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு மூன்றாவது ஊசி ஓராண்டுக்கும் மேல் தள்ளிப்போனது. கெட்ட காலம் என்றுதான் நினைத்திருப்பார்கள். 2023இல் வெளிவந்த முடிவைப் பார்த்தால், மாதம் ஒன்றாக ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட, தள்ளிப் போட்டுக்கொண்டவர்களிடம்தான் பலன் தெரிந்தது: அவர்கள் ரத்தத்தில் கிருமி பெருகும் வேகம் சராசரியாக 51 சதவீதம் குறைந்தது. அதே பகுதியை வைரஸில் ஏற்றிப் போட்ட குழுவுக்குப் பயன் இல்லை. வைவாக்ஸின் ரத்தக் கட்டத்தை ஒரு தடுப்பூசி மனித உடம்பில் தடுத்து நிறுத்தாவிட்டாலும், பாதி வேகத்துக்கு இழுத்துப் பிடித்தது. அந்தப் பாதி வேகத்துக்கு விதை போட்டது அருணா ஆசஃப் அலி மார்க்கின் குளிரறை என்று சொன்னால் மிகையாகாது.

மற்றக் கிளைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீபக் கௌரின் குழு ஃபால்சிபாரத்தின் ஆர்.எச்-5 என்ற புரதம் இன்னும் இரண்டு புரதங்களோடு கூட்டுச் சேர்ந்து நிற்கிறது என்று 2015இல் காட்டியது. அந்த ஆர்.எச்-5ஐ வைத்து ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் செய்த தடுப்பூசி 2024இல் புர்கினா ஃபாசோக் குழந்தைகளிடம் 55 சதவீதக் காப்புத் தந்தது. ரத்தக் கட்டத் தடுப்பூசி ஒன்று களத்தில் தந்த பலனில் இதுவரை இதுதான் தலைசிறந்தது. ஸ்போரோசோயிட் பக்கம் போனவர்கள் முந்திக்கொண்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆர்.டி.எஸ்.,எஸ்.-க்கு 2021 அக்டோபரிலும் ஆர்-21க்கு 2023 அக்டோபரிலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை தந்தது. இரண்டாவதை மூட்டை மூட்டையாகத் தயாரிப்பது புனே சீரம் நிறுவனம். ஊசி ஏற்றுமதி ஆகிறது, ஆப்பிரிக்கக் குழந்தைகள் பிழைக்கிறார்கள், நல்லது. புவனேசுவரத்திலுள்ள ஐ.சி.எம்.ஆர். மையம் ஆட்ஃபால்சிவாக்ஸ் என்ற பெயரில் ஸ்போரோசோயிட்டையும் கொசுவுக்குள் போகும் கட்டத்தையும் சேர்த்துக் குறிவைக்கும் ஒன்றை உருவாக்கி, தயாரிக்க நிறுவனங்களை 2025இல் அழைத்தது.

இவை எல்லாமே ஃபால்சிபாரத்துக்கு. சென்னையில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் ஸ்டீபன்சி கொசு பரப்புவது பெரும்பாலும் வைவாக்ஸ்தான். இந்த ஊசிகளில் ஒன்றும் அதற்கு உதவாது. வைவாக்ஸ் அவ்வளவாக ஆளைக் கொல்வதில்லை. அதனாலேயே பணம் அந்தப் பக்கம் குறைவாகப் பாய்கிறது என்பது என் கணிப்பு. வேலைக்குப் போக வேண்டிய ஆளை மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுப் போட்டு எடுக்கும் நோயை யாரும் தலைப்புச் செய்தி ஆக்குவதில்லை.

டஃபி ஊசியை அடுத்ததாக வைவாக்ஸ் இருக்கும் ஊர் ஒன்றில் சோதிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு சிக்கல் தீர வேண்டியிருக்கிறது. வைவாக்ஸ் ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து எழும். ஊசி போட்டவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தால், அது புதுக் கொசு தந்ததா, பழையது விழித்ததா என்று ரத்தத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. எனவே சோதனையில் சேர்பவர் ஒவ்வொருவருக்கும் முதலில் பிரிமாக்வின் மாத்திரை கொடுத்து ஈரலைத் துடைக்க வேண்டும். வழக்கமாகப் பதினான்கு நாள். ஜி-6-பி.டி. நொதி குறைந்தவர்களுக்கு அந்த மாத்திரை சிவப்பணுவையே உடைக்கும் என்பதால் அதற்கும் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. மூன்றாவது ஊசியை ஓராண்டு தள்ளிப் போட்டால், அந்த ஓராண்டுக்குள் கடித்த கொசுக்கள் மறுபடி ஈரலை நிரப்பியிருக்கும். மாத்திரையைத் திரும்பவும் கொடுப்பதா, எப்போது கொடுப்பது, கொடுத்தால் ஊசியின் பலனையும் மாத்திரையின் பலனையும் எப்படிப் பிரித்துக் கணக்கிடுவது என்பதைச் சோதனைத் திட்டம் எழுதுகிறவர்கள்தான் முதலில் முடிவு செய்தாக வேண்டும்.